மழைக்குள்ள சைட் படுக்குது, கேச் போட்டும் சரிவரல்ல. வெள்ளச் செய்தி பழசாகாம கேச் பண்றது எப்பிடி?

கல்லடிப்பொடியன் எழுதினது:

வணக்கம் எல்லாருக்கும். நாங்க கொஞ்சப்பேர் சேந்து மட்டக்களப்பு மாவட்டத்துக்கு உள்ளூர்ச் செய்தி சைட் ஒண்டு நடத்திறம். வேர்ட்பிரஸ், முன்னுக்கு வாற ஆக்களுக்குப் பக்கத்தக் குடுக்கிற என்ஜின்எக்ஸ், பின்னுக்கு பக்கத்தக் கட்டுற பிஎச்பி-எஃப்பிஎம், ரெண்டு ஜிபி ரேம் உள்ள சின்ன விபிஎஸ் (வாடகைச் சேர்வர்). கோயில் திருவிழா, ஸ்கூல் விளையாட்டுப்போட்டி, மரண அறிவித்தல் எண்டு போற நாளையில ஒரு கரைச்சலும் இல்ல. கார்த்திகை பிறந்து மழை கொட்டத் தொடங்கினாத்தான் பிரச்சின. உன்னிச்சைக் குளத்து வான்கதவு துறக்கப் போறாங்க, முகத்துவாரம் வெட்டப் போறாங்க, கிரான் புலிபாய்ந்தகல் றோட்டால தண்ணி பாயுது எண்டு ஒரு செய்தி போட்டாக் காணும், பேஸ்புக்கில ஷெயார் பண்ணி வாட்சப் குறூப் எல்லாத்திலயும் ஓடி எல்லாரும் ஒரே நேரத்தில வந்து விழுறாங்க, சைட் 502 எண்ட பிழைய (பின்னுக்கு இரிந்து பதில் வரல்ல எண்டு) காட்டித்து அப்பிடியே படுத்துரும்.

சனம் அந்த நேரத்திலதான் தேடுது. படுவான்கரையில இரிக்கிற ஒரு குடும்பம் வீட்ட விட்டு எழும்புறதா இல்லையா எண்டு பாக்கிற நேரத்தில எங்கட சைட் வேலசெய்யாம நிக்கிறது எனக்கு சரியான கவலையா இரிக்கி.

எல்லாரும் கேச் போடு, அதாவது ஒருக்காக் கட்டின பக்கத்த எடுத்து வச்சி மறுகா வாறவங்களுக்கும் அதையே குடு எண்டு சொன்னத்தால என்ஜின்எக்ஸ்ல ஃபாஸ்ட்சிஜிஐ கேச் போட்டிருக்கம், இணையத்தில கன இடத்தில கிடக்கிற வேர்ட்பிரஸ் கொன்பிக் (அமைப்புப் பைல்)தான் அது. ஆனா இந்த முற மழைக்கும் அதே 502. ஹோஸ்டிங்காரர் சொல்றாங்க சேர்வரப் பெருசாக்குங்க எண்டு, மாசக்காசு ரெண்டு மடங்கு வரும், விளம்பரம் ஒண்டும் பெருசா இல்லாத சைட்டுக்கு அது கஷ்டம். மற்றது எனக்கு உள்ளுக்க ஒரு பயமும் இரிக்கி, கேச் சரியா வேல செஞ்சா வான்கதவு துறந்த பிறகும் 'மூடியிருக்கு' எண்ட பழைய பக்கம் சனத்துக்குப் போகாதா? வேகமும் வேணும், செய்தியும் பழசாகப்படா. ரெண்டும் சேந்து நடக்குமா?

வந்தாறுமூலை_அக்கா எழுதினது:

நடக்கும் தம்பி. ஆனா சேர்வருக்குக் காசு கட்டுறத்துக்கு முன்னுக்கு ஒரு கணக்குப் பாருங்க. பிஎச்பி-எஃப்பிஎம் கொன்பிக்ல கைவைக்காம விட்டிருந்தா அதில மேக்ஸ்-சில்ட்ரன், அதாவது ஒரே நேரத்தில கட்டக்கூடிய பக்கம், 5தான். ஒரு பக்கத்தக் கட்டி எடுக்க அரைச் செக்கன் போகுதெண்டு வைங்க, அப்ப ஒரு செக்கனுக்கு 10 பக்கம், நிமிசத்துக்கு 600. அதுக்கு மேல வாற ஆள் வரிசையில நிக்கிறார், பொறுமை கெட்டு ரீலோட் பண்றார், அது இன்னொரு ரிக்குவெஸ்ட்டா அதே வரிசையில போய் நிக்கும், இப்பிடியே வரிசை நீண்டு கடைசியா 502. ரெண்டு மடங்கு காசு குடுத்தா நிமிசத்துக்கு 1200 வரும், அவ்வளவுதான், அடுத்த மழைக்கு அதுவும் காணா.

கேச்ல அந்தப் பக்கத்த வெறும் 10 செக்கன் வச்சிருந்தா நிமிசத்துக்கு 6000 பேர் வந்தாலும் பிஎச்பி 6 தரம்தான் வேலசெய்யும். மிச்சப்பேருக்கு என்ஜின்எக்ஸ் கட்டி வச்ச பைலத் தூக்கிக் குடுக்குது, அதுக்கு ரெண்டு ஜிபி தாராளம். 10 செக்கன் பழைய செய்தியால ஒருத்தருக்கும் நட்டம் வராது. 502ஆல வரும். நீங்க கொப்பி பண்ணின கொன்பிக்ல அனேகமா 60 நிமிசம் எண்டு கிடக்கும், வெள்ளச் செய்திக்கு அது ஆகலும் கூட, அத மாத்துங்க.

ஒண்டு கவனம். பக்கம் இன்னும் கேச்ல இல்லாத நேரத்தில 200 பேர் ஒண்டா வந்தா 200 பேரும் நேர பிஎச்பிக்குப் போய் விழுவாங்க. அதுக்குத்தான் கேச்-லொக் எண்டு ஒண்டு இரிக்கி, ஒரு ஆள மட்டும் உள்ள விட்டு புதுசு எடுக்கும். அதோட பழசக் குடுக்கலாம் எண்டு சொல்ற யூஸ்-ஸ்டேல்ல அப்டேட்டிங் போட்டு பேக்ரவுண்ட்-அப்டேட்டையும் ஒன் பண்ணுங்க, 10 செக்கன் முடிஞ்சி புதுசு வாற வரைக்கும் மற்றவங்களுக்கு கையில இரிக்கிற பழசக் குடுக்கும், ஒருத்தரும் காத்துக்கொண்டு நிக்கத் தேவல்ல. யூஸ்-ஸ்டேல்ல எரர், டைம்அவுட், 500, 503 எல்லாத்தையும் சேத்திருங்க. அப்ப டேட்டாபேஸ் விழுந்தாக்கூட கடைசியா இரிந்த பக்கம் சனத்துக்குத் தெரியும்.

இப்ப ஒங்கட பயத்துக்கு வாறன், அதுதான் முக்கியம். கேச் ஒரு இடத்தில இல்ல. ஒங்கட என்ஜின்எக்ஸ்ல ஒண்டு, கிளவுட்பிளேர் மாதிரி சிடிஎன் (பக்கத்த ஊர் ஊரா வச்சிக் குடுக்கிற இடைச் சேர்வர்) போட்டிருந்தா அதில ஒண்டு, வாசிக்கிற ஆளிர போனுக்குள்ள இன்னொண்டு. முதல் ரெண்டும் ஒங்கட கைக்கு எட்டும், பிழையான செய்தி போயித்தெண்டா அந்த நிமிசமே அழிக்கலாம். போனுக்குள்ள போனது எட்டா. 'மேக்ஸ்-ஏஜ் ஒரு மணித்தியாலம்' எண்டு ஒரு தரம் சொல்லி அனுப்பிட்டா அந்த போன் அந்த ஒரு மணித்தியாலத்துக்கும் ஒங்களிட்ட கேக்காமலே பழசக் காட்டும், நீங்க இங்க இரிந்து ஒண்டும் செய்யேலா. அதால செய்திப் பக்கத்துக்கு கேச்-கொன்ட்ரோல் எண்ட ஹெடர்ல (பக்கத்தோட சேந்து போற குறிப்பு) மேக்ஸ்-ஏஜ் 0 வைங்க, எஸ்-மேக்ஸ்ஏஜ் 10 வைங்க. மேக்ஸ்-ஏஜ் போனுக்கு, எஸ்-மேக்ஸ்ஏஜ் நடுவில நிக்கிற பொதுக் கேச்சுக்கு. குளம் உடைஞ்சித்தெண்டு ஒரு வதந்தி கிளம்பினா இந்தப் பக்கத்துச் சனம் பிள்ளையத் தூக்கித்து இருட்டுக்குள்ள ஓடுறது ஒங்களுக்குத் தெரியும்தானே. பிழை ஒண்டு போட்டா அதத் திருத்திற வேகம் போட்ட வேகத்தவிட கூட இரிக்கணும், அதுக்கு கேச் ஒங்கட கைக்கு எட்டுற இடத்தில மட்டும் நிக்கணும்.

முதல்ல ஒரு வேல செய்ங்க. என்ஜின்எக்ஸ்ல அப்ஸ்ட்ரீம்-கேச்-ஸ்டேட்டஸ் எண்ட மாறிய (வேரியபிள) எக்ஸ்-கேச் எண்டு ஒரு ஹெடர்ல வெளியில விடுங்க. பேஸ்புக்கில இரிந்து லிங்க்க அமத்தி ஒருக்காவும், நேர அட்ரஸ் அடிச்சி ஒருக்காவும் பாத்துத்து என்ன வருதெண்டு இங்க போடுங்க. கேச் வேலசெய்யவே இல்லையோ எண்டுதான் எனக்குச் சந்தேகம்.

அக்கரைப்பற்று_காக்கா எழுதினது:

அக்கா சொன்னது சரி. நான் ஒண்டு சேக்கிறன், இது விளையாட்டில்ல. லொகின் பண்ணின ஆள்ர பக்கத்த ஒருக்காலும் பொதுக் கேச்சுக்க விடப்படா. 2015 டிசம்பர் 25ஆந் தேதி ஸ்டீம் எண்ட கேம் கடையில நடந்தது தெரியுமா? தாக்குதல் ட்ராஃபிக் வந்திச்சி, சமாளிக்க அவசரமா கேச் ரூல மாத்தினாங்க, அதில பிழை, ஒருத்தர்ர கணக்குப் பக்கம் இன்னொருத்தருக்குப் போயித்து. 34,000 பேரளவில பாதிப்பு, ஈமெயில், பில் அட்ரஸ், வாங்கின சாமான் விபரம் எல்லாம் ஊரான் கண்ணில. அவ்வளவு பெரிய இடத்துக்கே அவசரத்தில கை வச்சா இப்பிடி வரும் தம்பி, அதால மழை வரக்குள்ள கொன்பிக்ல கை வைக்காம வெயில் காலத்தில செஞ்சி சோதிச்சி வைக்கணும்.

வேர்ட்பிரஸ்ல லொகின் குக்கி (ஆள அடையாளம் காண பிரவுசர்ல வைக்கிற துண்டு), கொமெண்ட் எழுதின ஆள்ர குக்கி ரெண்டும் இரிந்தா கேச்சத் தாண்டி நேர பிஎச்பிக்கு விடுங்க. சிலபேர் கேச் ஆகுதில்ல எண்டு செட்-குக்கி ஹெடரக் கவனிக்காத எண்டு என்ஜின்எக்ஸ்க்கு சொல்லி விடுறாங்க, அது ஆபத்து. ஒருத்தருக்குக் குடுத்த குக்கி பக்கத்தோட ஒட்டி கேச்சுக்க போய் மறுகா வாற எல்லாருக்கும் அதே குக்கி போகும்.

வார்னிஷ் எண்ட கேச் புரோகிராமப் போடு எண்டும் சிலபேர் சொல்லுவாங்க. நல்ல சாமான்தான், 2006ல நோர்வேயில வேர்டன்ஸ் காங் எண்ட பத்திரிகைட சைட்டுக்காகத்தான் அது தொடங்கினது, செய்திக்கெண்டே பிறந்தது. ஆனா ரெண்டு ஜிபியில இன்னொரு புரோகிராம ஓட்டத் தேவல்ல, என்ஜின்எக்ஸ்ல இரிக்கிறதே காணும். கிளவுட்பிளேர முன்னுக்குப் போடுங்க, அவங்கட இடம் ஒண்டு கொழும்பிலயே இரிக்கி, இலவசக் கணக்குக் காணும். ஆனா ஒண்டு, அது தானா போட்டோ, சிஎஸ்எஸ், ஸ்கிரிப்ட்டத்தான் வச்சிருக்கும், எச்டிஎம்எல் பக்கத்த நீங்க ரூல் போட்டுச் சொன்னாத்தான் வைக்கும். அது தெரியாம கிளவுட்பிளேர் போட்டும் சைட் விழுகுதெண்டு கனபேர் சொல்ற.

கல்லடிப்பொடியன் எழுதினது:

அக்கா, காக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. ஹெடரப் போட்டுப் பாத்தன். பேஸ்புக்கில இரிந்து வந்தா எக்ஸ்-கேச் 'பைபாஸ்' (கேச்சத் தாண்டிப் போயித்து) எண்டு வருது. நேர அடிச்சா 'மிஸ்' (கேச்ல இல்ல), மறுகா அடிச்சாலும் 'மிஸ்', 'ஹிட்' (கேச்ல இரிந்து வந்தது) எண்டு ஒருக்காலும் வருதில்ல. அதோட எக்ஸ்பயர்ஸ் எண்ட இடத்தில 1981 நவம்பர் 19 எண்டு ஒரு தேதி கிடக்கு, எங்கட சேர்வர்ல எங்கயும் அப்பிடி ஒரு தேதி நாங்க எழுதல்ல. எங்கால வந்திச்சி இது?

வந்தாறுமூலை_அக்கா எழுதினது:

நினைச்சன். ரெண்டும் வேற வேற பிரச்சின தம்பி.

பைபாஸ் எண்டு வாறது பேஸ்புக்கால. 2018ல இரிந்து பேஸ்புக் வெளியில போற லிங்க் எல்லாத்திலயும் கேள்விக்குறிக்குப் பின்னுக்கு எஃப்பிசிஎல்ஐடி எண்டு நீட்டா ஒரு துண்டு ஒட்டி விடுது, அமத்துற ஆளுக்கு ஆள் அது வேற. நீங்க எடுத்த கொன்பிக்ல 'கேள்விக்குறிக்குப் பின்னுக்கு ஏதும் இரிந்தா கேச் பண்ணாத' எண்டு ஒரு வரி இரிக்கும், பாருங்க. தேடல் பக்கத்த நினைச்சி எழுதின வரி அது. ஆனா நம்மட ஊர்ல செய்தி சைட்டுக்கு வாற ஆக்கள்ள பெரும்பாலானவங்க பேஸ்புக்கால வாறவங்கதான், அவங்க முழுப்பேரும் கேச்சத் தொடாம நேர பிஎச்பிக்குப் போறாங்க. மழை நாளைக்கு ஒங்களுக்கு கேச் இல்லாத மாதிரித்தான். அந்த வரிய மட்டும் எடுத்தாலும் காணா, கேச் சாவியில (எடுத்து வச்ச கொப்பியத் தேடுற பெயர்) முழு அட்ரசும் இரிந்தா ஆளுக்கு ஒரு கொப்பி எண்டு சேந்து எல்லாம் மிஸ் ஆகும். என்ஜின்எக்ஸ்ல மேப் எண்ட விதி ஒண்டு எழுதி அந்தத் துண்ட மட்டும் சாவியில இரிந்து கழட்டுங்க. கேள்விக்குறிக்குப் பின்னுக்கு உள்ள எல்லாத்தையும் கழட்டப்படா, தேடலுக்கும் ஒரே பக்கம், எல்லாத்துக்கும் ஒரே பக்கம் எண்டு போயிரும். யூஆர்ஐ எண்ட மாறிய சாவியில போட்டா சரி எண்டும் சிலபேர் எழுதியிருப்பாங்க, வேர்ட்பிரஸ்ல அது கடைசியா எல்லாப் பக்கத்துக்கும் இண்டெக்ஸ்.பிஎச்பி எண்டுதான் வரும், அப்ப மரண அறிவித்தல் துறக்கிற ஆளுக்கு முகப்புப் பக்கம் போகும். ஆள் கேட்ட அட்ரஸ் அப்பிடியே இரிக்கிற ரிக்குவெஸ்ட்-யூஆர்ஐல இரிந்து கழட்டி எடுங்க.

1981 தேதி பிஎச்பி தானாப் போடுறது. ஏதாவது பிளக்இன் செஷன்-ஸ்டார்ட் எண்ட கட்டளைய (வாற ஆள அடையாளம் வைக்கிறதுக்கு) கூப்பிட்டா பிஎச்பி அந்தப் பழைய தேதியோட நோ-ஸ்டோர், நோ-கேச் எல்லாத்தையும் ஹெடர்ல சேத்து அனுப்பும், அதக் கண்டா என்ஜின்எக்ஸ் அந்தப் பக்கத்த வைக்காது. நீங்க கொன்பிக்ல எத்தின செக்கன் எழுதினாலும் பின்னுக்கு இரிந்து வாற ஹெடருக்குத்தான் அது முதலிடம் குடுக்கும். வாசகர் எண்ணிக்கை காட்டுற பிளக்இன், வாக்கெடுப்புப் பிளக்இன் ஏதும் இரிக்கா? ஒவ்வொண்டா நிப்பாட்டிப் பாருங்க, 1981 மறையிற இடத்தில ஆள் அம்பிடும்.

இன்னொண்டு. ஒங்கட தீம் '5 நிமிடங்களுக்கு முன்' எண்டு நேரம் காட்டுதா? கேச் போட்ட சைட்டில அது பொய் சொல்லும், சேர்வர்ல கட்டக்குள்ள 5 நிமிசம்தான், டேட்டாபேஸ் விழுந்து பழைய பக்கம் ஓடக்குள்ள அதே பக்கம் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகும் 5 நிமிசம் எண்டுதான் சொல்லும். 'பி.ப. 2.30' எண்டு மணிய அப்பிடியே போடுங்க, வாசிக்கிற ஆள் தன்ர மணிக்கூட்டப் பாத்து தானே முடிவெடுப்பார்.

பொத்துவில்_மச்சான் எழுதினது:

நான் அறுகம்பேப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் சைட்டுகள் செஞ்சி குடுக்கிறன், எங்களுக்கு சீசனுக்குத்தான் நெரிசல். சேர்வர் பக்கம் அக்காவும் காக்காவும் சொல்லிட்டாங்க, போன் பக்கம் நான் கொஞ்சம் சொல்றன்.

செய்தி எழுத்து பத்து இருபது கேபிதான், போட்டோதான் எம்பிக் கணக்கு. நீங்க குளத்து நீர்மட்டப் போட்டோவ ஒவ்வொரு முறையும் ஒரே பெயர்ல, லெவல்.ஜேபிஜி எண்டு, மேல மேல ஏத்துறீங்களா? அப்பிடியெண்டா அத விடுங்க. ஹெடர் ஒண்டும் சொல்லாத பைலுக்கு பிரவுசர் தானா ஒரு கணக்குப் போடும், கடைசியா மாத்தி எவ்வளவு காலமோ அதில பத்தில ஒரு பங்கு எண்டு. பத்து நாளா மாறாத போட்டோ எண்டா ஒரு நாள் வரைக்கும் கேக்காமலே பழசக் காட்டலாம். கோடைக்கு எடுத்த வத்தின குளத்த வெள்ளத்துக்குள்ள காட்டிக்கொண்டு நிக்கும். புதுப் போட்டோவுக்குப் புதுப் பெயர், தேதியும் மணியும் சேத்து. பெயர் மாறினா பழசு ஒரு கரைச்சலும் தராது, அப்ப போட்டோவுக்கு மேக்ஸ்-ஏஜ் 31536000, அதாவது ஒரு வருசம், தைரியமா வைக்கலாம், 'இது மாறாது' எண்டு சொல்ற இம்யூட்டபிளும் சேத்து. தமிழ் எழுத்துரு, சிஎஸ்எஸ், லோகோ எல்லாத்துக்கும் அதே முறைதான். ரெண்டாந் தரம் வாற ஆளுக்கு எழுத்து மட்டும்தான் இறங்கும், சனம் ரீலோட் போட்டு டேட்டா காட் முடியிற இடத்தில இது பெரிய உதவி, சிக்னல் ஒரு கோடு நிக்கிற ஊர்ல இன்னும் பெரிய உதவி.

மேக்ஸ்-ஏஜ் 0 எண்டு அக்கா சொன்னதுக்குப் பயப்பட வேணாம். ஈடேக் ஒண்டு சேத்து அனுப்பினா போன் திரும்பி வரக்குள்ள 'என்னட்ட இந்தக் கொப்பி இரிக்கி, மாறினதா?' எண்டு கேக்கும், மாறல்லையெண்டா சேர்வர் 304 எண்டு ஒரு சின்னப் பதில்தான் அனுப்பும், பக்கம் திரும்ப இறங்காது. வேர்ட்பிரஸ் பக்கத்துக்கு ஈடேக் தானா வராது, ஒரு பிளக்இன்ல செய்யலாம், கிளவுட்பிளேர் வழியிலயும் பாக்கலாம்.

எழுத்துருவ, ஜேகுவெரி எண்ட ஸ்கிரிப்ட்ட வெளிச் சிடிஎன்ல இரிந்து எடுத்தா வேற சைட்டுல ஏற்கனவே இறங்கியிருக்கும், வேகம் எண்டு ஒரு பழைய கத இரிக்கி. அது இப்ப இல்ல. 2020ல குரோம் 86ஓட கேச்ச சைட்டுக்கு சைட் பிரிச்சிட்டாங்க, சஃபாரி அதுக்கு எவ்வளவோ முன்னுக்கே. ஒங்கட சைட்டிலயே வைங்க, வேற ஒரு சேர்வருக்குப் போய்த் தொடர்பு எடுக்கிற நேரமாவது மிஞ்சும்.

கல்லடிப்பொடியன் எழுதினது:

ஆள் அம்பிட்டுது அக்கா, வாசகர் எண்ணிக்கை பிளக்இன்தான். நிப்பாட்டினதோட 1981 போயித்து, எஃப்பிசிஎல்ஐடியையும் சாவியில இரிந்து கழட்டினம், இப்ப பேஸ்புக்கால வந்தாலும் ஹிட். எங்கட ஆக்களச் சொல்லி ஒரே நேரத்தில லோட் டெஸ்ட் ஒண்டு அடிச்சிப் பாத்தம், சிபியு அசையவே இல்ல. காக்கா சொன்ன மாதிரி எங்கட எடிட்டர்ட லொகின்ல போய் எல்லாப் பக்கமும் பாத்தம், அது கேச்சுக்க போகல்ல. போட்டோவுக்கு மணியோட பெயர் வைக்கச் சொல்லி எல்லாருக்கும் சொல்லிட்டன், செய்தி திருத்தினதும் அந்தப் பக்கத்தையும் முகப்பையும் கேச்ல இரிந்து அழிக்கிற மாதிரியும் செஞ்சாச்சி.

கடைசியா ஒண்டு. செய்தியத் திருத்தினாலும் பேஸ்புக்கில, வாட்சப்பில ஷெயார் பண்ணக்குள்ள வாற அந்தச் சின்னப் பெட்டியில பழைய தலைப்பும் பழைய போட்டோவும்தான் நிக்குது. கனபேர் லிங்க்க அமத்தாம அந்தத் தலைப்ப மட்டும் பாத்துத்துப் போறாங்க. அத எப்பிடி மாத்துற?

அக்கரைப்பற்று_காக்கா எழுதினது:

அதுவும் ஒரு கேச்தான் தம்பி, ஒங்கட கைக்கு எட்டாத இடத்தில. பேஸ்புக் அந்தப் பெட்டிய தன்ட சேர்வர்ல வச்சிருக்கும், அவங்கட ஷெயாரிங் டிபகர் பக்கத்தில போய் லிங்க்கக் குடுத்து திரும்ப எடு எண்டு அமத்தினா புதுசா எடுக்கும். திருத்தினதும் செய்ற வேலைகள்ள அதையும் ஒண்டாச் சேத்துக்கொள்ளுங்க. வாட்சப் அப்பிடி இல்ல. அனுப்புற ஆள்ர போன்தான் அந்தப் பெட்டியக் கட்டி மெசேஜோட சேத்து அனுப்புது, போனது போனதுதான், நீங்க ஆரிட்டயும் சொல்லி மாத்தேலா.

அதால தலைப்பிலயே தேதியும் மணியும் போடுங்க. 'உன்னிச்சை வான்கதவு திறப்பு' எண்டு மொட்டையாப் போடாம, 'உன்னிச்சை வான்கதவு நிலவரம், நவம்பர் 26, பி.ப. 2.30' எண்டு. நிலைம மாறினா பழைய செய்தியத் திருத்துறதோட நிக்காம புது லிங்க்ல புதுச் செய்தியாவே போட்டு, பழைய பக்கத்தில மேலயே அதுக்கு லிங்க் வைங்க. ராவைக்கு ஒரு ஆள் குறூப்பில அந்தப் பழைய பெட்டியக் கண்டாலும் இது பின்னேரத்துச் செய்தி எண்டு விளங்கும், அமத்திப் பாத்தா புதுசு வரும்.